கனடாப் பதிவேடுகளில் எங்களவரைத் தேடுதல்: வன்னியிலிருந்து ஒரு மதிப்பீடு

கனடாவில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவது மத்திய அரசின் பொறுப்பு அன்று. பத்து மாகாணங்களும் மூன்று ஆட்புலங்களும் தனித்தனிப் பதிவேடுகளை வைத்திருக்கின்றன. இலங்கையிலுள்ள எங்கள் பதிவாளர் நாயகம் திணைக்களத்தைப் போல நாடு முழுவதற்கும் பொதுவான ஓர் அலுவலகம் அங்கே கிடையாது. ஆகவே, "அப்பப்பா கனடாவில் காலமானார்" என்ற ஒரே தகவலை வைத்துக்கொண்டு எங்கும் விண்ணப்பிக்க இயலாது. ஒன்ராறியோவிலா, கியூபெக்கிலா, பிரித்தானியக் கொலம்பியாவிலா என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். எங்களவரில் மிகப் பெரும்பாலானோர் ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் குடியேறியவர்கள் என்பதால், இம்மதிப்பீடு முதன்மையாக ஒன்ராறியோ அரசின் பதிவுச் சேவையைப் பற்றியது. மற்ற மாகாணங்களையும், வம்சாவளி தேடித் தருவதாகச் சொல்லும் இணையத்தளங்களையும் அதன் பின் சுருக்கமாகப் பார்க்கிறேன்.

கிளிநொச்சிப் பக்கத்தில் ஊரவருக்கு மனுக்களும் விண்ணப்பங்களும் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். கனடா மரணச் சான்றிதழ் தேவைப்பட்டு வருபவர்களில் பலர் காணிக்காக வருகிறார்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வவுனிக்குளத்திலோ முத்தையன்கட்டிலோ வயற்காணி பெற்ற ஒருவர், முதுமையில் பிள்ளைகள் 'ஸ்பொன்சர்' செய்து அழைக்க ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்குப் போய், அங்கேயே கண்ணை மூடியிருப்பார். அனுமதிப்பத்திரம் இன்றும் அவர் பெயரிலேயே இருக்கும். காணியைச் செய்கை பண்ணிக்கொண்டிருக்கும் மகனோ பேரப்பிள்ளையோ பின்னுரிமை கேட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போனால், காணிக்கிளையில் கேட்கப்படும் முதல் ஆவணம் மரணச் சான்றிதழ். இவர்களுக்கு அப்பால், பூட்டன் பூட்டி வரைக்கும் வம்சாவளி எழுதி வைக்க விரும்பும் சிலரும் வருகிறார்கள். அவர்களின் தேவை வேறு, ஆனால் தட்ட வேண்டிய கதவு ஒன்றுதான்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் வழங்கும் சேவை என்ற அளவில் ஒன்ராறியோவின் பதிவாளர் நாயகம் அலுவலகம் நம்பத்தக்கது, கட்டணமும் நியாயமானது. ஆனால் தெரியாத ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் கருவியாக அதை எண்ணிக்கொண்டு போகிறவர் ஏமாந்துபோவார். பெயரும் திகதியும் இடமும் முன்கூட்டியே தெரிந்தவருக்கே அந்தக் கதவு திறக்கும். தெரியாதவர் அவற்றை வேறெங்கோ தேடிப் பெற்றுக்கொண்டுதான் அங்கே போக வேண்டும்.

இதற்குக் காரணம் காலவரம்பு. ஒன்ராறியோவில் குடிசார் பதிவு 1869 ஜூலை 1ஆம் திகதி தொடங்கியது. அன்றிலிருந்து சேர்ந்த ஏடுகளில் பழையவை மட்டுமே மாகாண ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டு எவரும் பார்க்கக் கூடியனவாக ஆகியுள்ளன. இறப்புப் பதிவென்றால் எழுபது ஆண்டுகளுக்கு மேலும், திருமணப் பதிவென்றால் எண்பது ஆண்டளவும், பிறப்புப் பதிவென்றால் ஏறத்தாழ நூறு ஆண்டும் கழிய வேண்டும். எங்களவர் பெருந்தொகையாகக் கனடா சென்றது 1983க்குப் பிறகு. அப்படியானால் அங்கே முதன்முதலில் இறந்த எங்கள் மூத்தவர்களின் பதிவுகள் கூட 2050களுக்கு முன்னர் காப்பகத்துக்கு வரப்போவதில்லை. அதுவரை அவை தண்டர்பே நகரிலுள்ள பதிவாளர் நாயகம் அலுவலகத்தின் பொறுப்பிலேயே இருக்கும். எவரும் இருந்த இடத்திலிருந்து புரட்டிப் பார்க்கக் கூடிய பெயர்ச்சுட்டி அவற்றுக்கு இல்லை.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். இறப்புக்கு இரண்டு வகையான ஆவணங்கள் வழங்கப்படுகின்றன. ஒன்று, 15 டொலர் கட்டணத்திலான மரணச் சான்றிதழ். இறந்தவரின் பெயர், இறந்த திகதி, இடம், வயது, பதிவு இலக்கம் போன்ற அடிப்படை விவரங்கள் மட்டுமே இதில் இருக்கும். இதற்கு எவரும் விண்ணப்பிக்கலாம். மற்றையது, 22 டொலர் கட்டணத்திலான சான்றுறுதி செய்யப்பட்ட பதிவுப் பிரதி. பதிவின்போது நிரப்பப்பட்ட படிவத்தின் முழு உள்ளடக்கமும், அதாவது தந்தை தாய் பெயர்கள், பிறந்த இடம், தொழில், தகவல் கொடுத்தவர் யார் என்பவையும் இதில் கிடைக்கும். இங்கே எங்கள் ஆட்கள் ஏழு டொலரை மிச்சம் பிடிக்கப் பார்த்து முதலாவதை எடுத்துவிடுகிறார்கள். காணிக்கிளைக்குப் போனதும் சிக்கல் தொடங்கும்: அனுமதிப்பத்திரத்தில் இருப்பவரும் சான்றிதழில் இருப்பவரும் ஒருவரே என்று காட்டத் தந்தை பெயரோ பிறந்த ஊரோ வேண்டும், அது அந்தத் தாளில் இல்லை. வம்சாவளி எழுதுபவருக்கும் அதே கதைதான். முழுப் பிரதியையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான ஆலோசனை.

ஆனால் முழுப் பிரதியை எல்லோராலும் கேட்டுப் பெற முடியாது. இறந்தவரின் வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகிய நெருங்கிய உறவினருக்கும் மரணசாதனத்தை நிறைவேற்றும் பொறுப்பாளருக்குமே அந்த உரிமை முதலில் உண்டு. அவர்கள் எவரும் உயிரோடில்லாத நிலையிலேயே பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோரின் பிள்ளைகள் போன்ற அடுத்த வட்டத்தினர் விண்ணப்பிக்கலாம். ஆகவே விசுவமடுவில் இருக்கும் பேரன், ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரில் மாமாவோ பெரியம்மாவோ இருக்கும்போது தன் பெயரில் விண்ணப்பிப்பதில் பயனில்லை. அவர்களைக் கொண்டே விண்ணப்பிப்பதுதான் ஒழுங்கு. அரசின் இணையத்தளம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டுமே இருப்பதாலும், கட்டணத்தைக் கடன் அட்டை மூலம் செலுத்த வேண்டியிருப்பதாலும், எப்படியும் அங்குள்ள ஒருவரின் உதவி தேவைப்படும். மாமாவோடு காணிப் பங்கில் மனக்கசப்பு இருக்கும் குடும்பங்களில் இந்த விதி எவ்வளவு பெரிய சுவர் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் எவரும் பெறக்கூடிய 15 டொலர்ச் சான்றிதழோடு அமைதியடைய வேண்டியதுதான்.

இறந்த திகதி சரியாகத் தெரியாதவர்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஐந்து ஆண்டுக் காலப்பகுதி ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி, அலுவலகத்தாரே தேடிப் பார்ப்பார்கள். வெள்ளைக்காரப் பெயர்களுக்கு இது நன்றாக வேலை செய்யலாம். எங்கள் பெயர்களுக்கு, அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

ஊரில் தந்தை பெயர் முன்னாலும் சொந்தப் பெயர் பின்னாலும் வரும். கனடாவிலோ ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பப் பெயர் இருந்தாக வேண்டும். கந்தையாவின் மகளும் சின்னத்தம்பியின் மனைவியுமான செல்லம்மா என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். இலங்கைக் கடவுச்சீட்டை எந்த அதிகாரி எப்படிப் பிரித்து எழுதினார் என்பதைப் பொறுத்து, அவர் அங்கே சின்னத்தம்பி என்ற குடும்பப் பெயரிலும் இருக்கலாம், கந்தையா என்ற குடும்பப் பெயரிலும் இருக்கலாம், செல்லம்மா என்பதே குடும்பப் பெயராகவும் ஆகியிருக்கலாம். இதற்கு மேல் ஆங்கில எழுத்துக்கூட்டல் இருக்கிறது. 'வ'வுக்கு வி என்ற எழுத்தா டபிள்யூ என்ற எழுத்தா, 'த'வுக்குப் பின் எச் உண்டா இல்லையா, இறுதியில் ஐ என்ற எழுத்தா ஒய் என்ற எழுத்தா என்பவற்றில் உடன்பிறந்தவர்களே ஒத்துப்போவதில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து சட்டப்படி பெயரைச் சுருக்கிக்கொண்டவர்களும் உண்டு. அவர்களின் பழைய பெயரும் புதிய பெயரும் ஒன்ராறியோ வர்த்தமானியில் வெளியாகியிருக்கும் என்பது பலருக்குத் தெரியாத ஒரு வசதி. விண்ணப்பிக்கும் முன்னர் அவரது கனடாக் கடவுச்சீட்டு, சுகாதார அட்டை, வங்கிப் புத்தகம் என எதையாவது ஒன்றைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதிலுள்ள எழுத்துகளை அப்படியே எழுதுவதே பாதுகாப்பு.

இடத்திலும் கவனம் வேண்டும். இறப்பு, அது நிகழ்ந்த நகரத்தின் பெயரில் பதியப்படுகிறது. வசித்த நகரத்தின் பெயரில் அன்று. ஸ்காபரோவில் குடியிருந்தவர் ஏஜக்ஸ் வைத்தியசாலையில் இறந்திருந்தால் ஏஜக்ஸ் என்றே எழுத வேண்டும். அத்துடன், ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ ஆகியவை 1998 ஜனவரி 1ஆம் திகதி ரொறன்ரோவோடு இணைக்கப்படும் வரை தனி நகரங்களாக இருந்தவை. அதற்கு முந்திய இறப்புக்கு அந்தப் பழைய பெயரையும், பிந்தியதற்கு ரொறன்ரோவையும் குறிப்பிட வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது திகதி. வன்னியில் குடும்பம் நினைவில் வைத்திருக்கும் திகதி பல வேளைகளில் இறந்த திகதி அன்று. செய்தி வந்து சேர்ந்த திகதி. போரினால் மூடப்பட்டிருந்த ஏ9 வீதி (கண்டி–யாழ்ப்பாண வீதி) 2002இல் திறக்கும் வரை இங்கே தொலைபேசி இல்லை. கனடாவிலிருந்து வவுனியாவுக்கோ கொழும்புக்கோ சொல்லப்பட்ட சேதி, ஆள் மூலமாகவும் கடிதமாகவும் உள்ளே வரச் சில வேளைகளில் வாரங்கள் எடுத்தன. வீட்டில் அழுத நாளே திவச நாளாக மனத்தில் பதிந்துவிடுகிறது. அந்தத் திகதியை விண்ணப்பத்தில் எழுதினால் தண்டர்பேயில் எதுவும் அகப்படாது.

இந்த இடத்தில் எங்களுக்கு உதவுவது கனடா அரசன்று, அந்தியேட்டியன்று அச்சிட்டுக் கொடுக்கும் கல்வெட்டு. முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும் அந்த நினைவு மலரில் வம்ச வரலாறு இருக்கும். பெற்றோர், உடன்பிறந்தோர், சம்பந்திமார், பிள்ளைகள், மருமக்கள் எல்லோரும் ஊர் பெயரோடு வரிசையாக வருவார்கள். முதற்பக்கத்தில் திதி வெண்பா இருக்கும். ஆண்டு, மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி ஆகிய நான்கும் அதில் அடங்கிவிடுவதால் ஆங்கிலத் திகதி அச்சிடப்படாத பழைய கல்வெட்டிலிருந்தும் இறந்த நாளைக் கணித்துவிடலாம். எடுத்துக்காட்டாக, யுவ வருடம் ஆவணி மாதம் பூர்வபக்கத் (வளர்பிறைத்) தசமி என்று வெண்பா சொன்னால், அது 1995 செப்டம்பர் முதல் வாரத்தில் வரும்; அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தை எடுத்தால் நாளும் தெரிந்துவிடும். ரொறன்ரோ நேரம் எங்கள் நேரத்துக்குக் கோடையில் ஒன்பதரை மணியும் குளிர்காலத்தில் பத்தரை மணியும் பின்னால் இருப்பதால், திதியை இங்குள்ள குருக்கள் கணித்தாரா அங்குள்ளவர் கணித்தாரா என்பதைப் பொறுத்து ஒரு நாள் வித்தியாசம் வரக்கூடும். முன்னும் பின்னும் ஒவ்வொரு நாளைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

2009இல் போரின் இறுதி நாள்களில் கல்வெட்டுகளும் புகைப்படங்களும் பெட்டியோடு போய்விட்டன என்று சொல்லும் குடும்பங்களே இங்கு அதிகம். ஆனால் கல்வெட்டு ஒரு வீட்டுக்கு மட்டும் அச்சிடப்படுவது அன்று. யாழ்ப்பாணத்திலும் இலண்டனிலும் கனடாவிலும் உள்ள உறவினரிடம் அதே பிரதி இருக்கும். சுவாமி அறையில் பஞ்சாங்கத்துக்கு அடியில் தேடச் சொன்னால் போதும். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்திலும் நினைவு மலர்கள் பெருந்தொகையாக ஏற்றப்பட்டுள்ளன, அவற்றைக் கட்டணமின்றி வாசிக்கலாம். அண்மைக் கால இறப்புகளுக்கு இணையத்தில் வெளியாகும் மரண அறிவித்தல்கள் உண்டு. "பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கும் அந்த நீண்ட வாக்கியத்தில் வேண்டியது எல்லாம் இருக்கிறது: பிறந்த ஊர், கடைசியாக இருந்த நகரம், இறந்த திகதி, கணவர் அல்லது மனைவி பெயர், தகனம் நடந்த இடம். தேடுபொறி என்ற வகையில் இந்த இரண்டுக்கும் நான் கொடுக்கும் மதிப்பெண், எந்தக் கனடா இணையத்தளத்துக்கும் கொடுப்பதைவிட உயர்ந்தது.

திருமணமும் பிறப்பும் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஊரில் தாலி கட்டிப் பதிந்துவிட்டுப் போனவர்களின் திருமணம் ஒன்ராறியோவில் இராது. அதை இங்குள்ள பிரதேச செயலகத்திலேயே கேட்க வேண்டும். அங்கே மணந்தவர்களுக்கு, இறப்பைப் போலவே 15 டொலருக்குச் சான்றிதழும் 22 டொலருக்கு முழுப் பிரதியும் உண்டு. பிறப்புப் பதிவு, அங்கே பிறந்த பேரப்பிள்ளைகளின் சொந்தத் தேவைக்கானது. 25 டொலருக்குச் சுருக்கமும் 35 டொலருக்கு முழுப் பிரதியும் கிடைக்கின்றன.

மற்ற மாகாணங்களில் பிரித்தானியக் கொலம்பியா தேடுபவரின் மனம் அறிந்து நடக்கிறது. அங்கே இறப்புப் பதிவு இருபது ஆண்டிலும், திருமணம் எழுபத்தைந்து ஆண்டிலும், பிறப்பு நூற்றிருபது ஆண்டிலும் பொதுப் பார்வைக்கு வந்துவிடும். மாகாண ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டச்சுச் செய்து இலவசமாகத் தேடலாம். பல பதிவுகளின் படிமத்தையும் பார்க்கலாம். 1980களிலும் 90களிலும் வன்கூவர் பக்கத்தில் இறந்தவரின் பதிவைக் கிளிநொச்சியிலிருந்தே கைத்தொலைபேசியில் பார்க்க முடிவது பெரிய வசதி. ஆயினும் எங்களவர் அங்கே மிகச் சிலரே. 2009இல் ஓஷன் லேடி கப்பலில் 76 பேரும், 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பலில் 492 பேரும் அக்கரையில்தான் வந்திறங்கினார்கள் என்றாலும், அவர்களிலும் பலர் பிறகு ரொறன்ரோவையே நாடினர்.

மொன்றியலில் வாழ்ந்தவர்களுக்கு 1994 ஜனவரி 1 ஒரு முக்கிய எல்லை. அதற்கு முன்னர் கியூபெக்கில் குடிசார் பதிவேட்டைத் தேவாலயங்களே பெரும்பாலும் பேணின; அன்றிலிருந்து மாகாண அரசின் குடிசார் நிலைப் பணிப்பாளர் அலுவலகம் பொறுப்பேற்றது. மன்னார், மடுப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பங்கு என்றால் என்ன, பங்குப் பதிவேடு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை என்பதால் அவர்கள் இதை எளிதாகப் புரிந்துகொள்வார்கள். ஆவணம் பிரெஞ்சில் வந்தால் இங்கே கொடுக்கச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தேட வேண்டியிருக்கும்; அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வம்சாவளி இணையத்தளங்களைப் பற்றி எங்களவர் அடிக்கடி கேட்கிறார்கள். பமிலிசேர்ச் இலவசம், அன்செஸ்ட்ரி சந்தாவுக்கானது. இரண்டிலும் ஒன்ராறியோப் பதிவுகள் ஏராளமாக உள்ளன. ஆனால் அவை காப்பகத்துக்கு மாறிய பழைய ஏடுகளின் பிரதிகள். எங்கள் மூத்தவர் ஒருவரையும் அவற்றில் காண முடியாது. கனடாவின் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை 2023 ஜூன் மாதம் திறந்தது, நல்ல சேவை, எங்களுக்குப் பயனில்லை. அங்குள்ள கப்பற் பயணிகள் பட்டியல்கள் 1935ஓடு நின்றுவிடுகின்றன. 1986 ஆகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து மீட்கப்பட்ட 155 தமிழரை அவற்றில் தேட முடியாது. கல்லறைகளைப் படமெடுத்துத் தொகுக்கும் தளங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு உதவலாம். தகனம் செய்து சாம்பலைக் கீரிமலைக்கு அனுப்பியவர்களுக்கு அங்கே கல் எது? பணம் கட்டிச் சந்தா எடுக்க நினைப்பவருக்கு நான் சொல்வது, வேண்டாம் என்பதே.

இதைவிட அவதானமாக இருக்க வேண்டியது இடைத்தரகர் தளங்களில். அரசுத் தளம் போலத் தோற்றம் காட்டி, அரசுக்குக் கட்ட வேண்டிய தொகையின் மேல் பல மடங்கு வாங்கிக்கொண்டு, அதே படிவத்தைத்தான் அனுப்புகிறார்கள். எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று இப்படி ஒரு தளத்தில் பெருந்தொகை செலுத்தியது. சான்றிதழ் வந்தது உண்மைதான்; அது 15 டொலருக்குக் கிடைக்கும் அதே சுருக்கமான தாள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் வேலை முடிவதில்லை. மரணச்சடங்கு நடத்தும் நிறுவனம் கொடுக்கும் மரண உறுதிக் கடிதத்தைச் சிலர் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அது அங்கே வங்கிக்குப் பயன்படலாம், அரசாங்கச் சான்றிதழ் அன்று, எனவே காணிக்கிளைக்கு அதை நம்பிப் போகக் கூடாது. பிரதேச செயலகம் எந்த முத்திரைகளைக் கேட்கிறது என்பதை, ஆவணம் கனடாவை விட்டு வெளிக்கிடும் முன்னரே கேட்டுவிட வேண்டும். ஒன்ராறியோ அரசின் சான்றொப்பத்துக்கு விண்ணப்பிக்கும்போது ஆவணம் எந்த நாட்டில் பயன்படப்போகிறது என்று கேட்பார்கள். இலங்கை என்று எழுத வேண்டும். ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தின் ஒப்பமும் தேவையென்றால் அதையும் அங்கேயே முடித்துவிட வேண்டும், இங்கே வந்த தாளைத் திருப்பி அனுப்புவது பெரும் அலைச்சல். பெயர்கள் ஒத்துப்போகாவிட்டால் இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு இணைக்கும் வழக்கம் இருக்கிறது. முழுப் பிரதியில் தந்தை பெயரும் பிறந்த ஊரும் இருந்தால் அந்தச் சத்தியக்கடதாசிக்கு வலு கூடும். ஏழு டொலர் கூடக் கொடுக்கச் சொன்னது இதற்காகத்தான். விண்ணப்பிக்கும்போதே இரண்டு பிரதிகளுக்குக் கட்டணம் செலுத்தச் சொல்லுங்கள்: ஒன்று காணிக்கிளைக் கோப்போடு போய்விடும், வங்கியோ நீதிமன்றமோ கேட்கும் நாளில் மற்றது கையில் இருக்க வேண்டும்.